வேலூரிலிருந்து பூக்களின் பள்ளத்தாக்குக்கு: மழையைக் கணக்கில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டுமே திறந்திருக்கும். அந்த ஐந்து மாதங்களிலும் பூ நிறைந்து கிடப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. பருவமழை வலுத்துப் பெய்யும் நாட்களும் அவையே. மழையால்தான் பூக்கிறது, அதே மழைதான் ரிஷிகேஷிலிருந்து மேலே போகும் நெடுஞ்சாலையில் மண்ணையும் பாறையையும் சரித்துப் போட்டு வழியை அடைக்கிறது. பூ வேண்டும், மழை வேண்டாம் என்று கேட்க அங்கே இடமில்லை. டிக்கெட் எடுப்பது, பை கட்டுவது, கால்களைப் பழக்குவது என எல்லா ஏற்பாட்டையும் இந்த ஒரு உண்மையிலிருந்து தொடங்குங்கள்.

பூங்காவின் பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். 1931இல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேற்றக்காரரும் தோழர்களும் பியுந்தார் கணவாய் வழியாக இங்கே இறங்கினார்கள். அவர் எழுதிய பிறகுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது. பியுந்தார் ஊர் மக்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே இது ஆடு மேய்த்த நிலம். 1982இல் தேசியப் பூங்காவானது. நந்தாதேவி பூங்காவுடன் சேர்த்து 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இங்கே இருக்கின்றன. பனிச்சிறுத்தை, கஸ்தூரி மான், கருங்கரடி எல்லாம் இருந்தாலும், போகிறவர் கண்ணில் படுவது அரிது. பூவுக்காகப் போகிற இடம் இது.

எந்த மாதம்?

ஜூனில் போனால் ஓடைகளில் பனிக்கட்டி இன்னும் உறைந்து கிடக்கும். பனி உருகிய ஈரத்தில் முளைக்கும் பிரிமுலா, அனிமோனி போன்ற முதல் பூக்களைக் காணலாம். ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் பூ என்று நினைத்துப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். ஜூலை இறுதியும் ஆகஸ்ட் முதல் பாதியும்தான் நிறைவான காலம். ஆள் உயரத்துக்கு வளர்ந்த காசித்தும்பை இனச் செடிகள் இளஞ்சிவப்பாக வழியை மூடிக்கொண்டிருக்கும். பாறை இடுக்கில் நீலப் பாப்பி நிற்கும்.

இது நமக்கு ஆடி மாதம். கல்யாணம், புதுமனை என்று அழைப்புகள் குறைவாக இருக்கும் மாதம் என்பதால் பெரியவர்களுக்கு வசதி. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சிக்கல். நம் கோடை விடுமுறையில் பூங்கா மூடியே இருக்கிறது. பிள்ளைகளோடு போக விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. அப்போது பூக்களில் பெரும்பகுதி விதையாகியிருக்கும். பதிலாக மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், புல்வெளி பொன்னிறமாகியிருக்கும், பனிமலைகள் மேகமின்றித் தெரியும், சாலை அடைபடும் பயமும் குறைவு. சிறு பிள்ளைகளோடு ஆகஸ்டில் மண்சரிவுச் சாலையில் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

கால்களைப் பழக்குவது

வேலூர்க்காரர்கள் அதிகம் அக்கறை காட்ட வேண்டிய பகுதி இது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் தங்கப்போகும் காங்கரியா 3,049 மீட்டர். அங்கே காற்றில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். காலையில் கோட்டையைச் சுற்றி நடக்கிறேன், அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது சமதளம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேறு தசைகள் வேலை செய்ய வேண்டும். அதிலும் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் மாதம் வள்ளிமலை, இரத்தினகிரி போன்ற சிறிய படிக்கட்டு மலைகள். வாரம் இரண்டு முறை ஏறி இறங்கினால் போதும். இரண்டாவது மாதம் சோளிங்கர். யோக நரசிம்மர் மலையில் 1,305 படிகள். இப்போது ரோப் கார் இருக்கிறது; நீங்கள் படியிலேயே ஏறுங்கள், படியிலேயே இறங்குங்கள். முதுகில் ஐந்து கிலோ பையோடு நின்று மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏற முடிகிற வரை திரும்பத் திரும்பப் போங்கள். மூன்றாவது மாதம் பர்வதமலை. இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறும் அந்தச் செங்குத்தான மலையில் ஒரு முழு நாளைச் செலவழித்துவிட்டு, மறுநாளும் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இமயமலை நடைக்கு நீங்கள் தயார். நடுவில் ஒரு முறை ஜவ்வாது மலையில் தூறலில் நடந்து பார்ப்பது நல்லது. ஈரத் துணியோடு நடப்பது எப்படி இருக்கும் என்பது வீட்டில் உட்கார்ந்து தெரிகிற விஷயமில்லை.

வெயிலுக்குப் பயந்து இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் விடியலுக்கு முன் ஏறத் தொடங்கி எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் ஐம்பது வயதைக் கடந்தவர்களும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் மருத்துவரைப் பார்த்து, 3,000 மீட்டருக்கு மேல் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். உயர நோய்க்கு அசெட்டசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டிக்கெட்டும் நாட்களும்

ரயிலில் 60 நாட்களுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு. திருவனந்தபுரத்திலிருந்து புது டில்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நிற்கிறது. டில்லி போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை நாள். டில்லியிலிருந்து ஹரித்வாருக்கு ரயிலும் பஸ்ஸும் நிறைய. விமானம் என்றால் சென்னைக்குப் போய், அங்கிருந்து டில்லி வழியாக டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம். அங்கிருந்து ரிஷிகேஷ் பக்கம்தான்.

நாட்களை இப்படிப் பிரியுங்கள். ஹரித்வார் அல்லது ரிஷிகேஷில் ஓர் இரவு. மறுநாள் ஜோஷிமட்டுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலை. அதற்கு அடுத்த நாள் காங்கரியா. அங்கே மூன்று இரவுகள். இறங்கி ஜோஷிமட்டில் ஓர் இரவு, பிறகு ரிஷிகேஷ். இவற்றோடு எந்த வேலையும் வைக்காத இரண்டு நாட்களைக் கட்டாயம் சேருங்கள். ரயில் பயணத்தையும் கூட்டினால் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் ஆகும். அலுவலகத்தில் அவ்வளவு விடுப்பு கிடைக்கவில்லையென்றால் அந்த வெற்று நாட்களை வெட்டாதீர்கள். காங்கரியாவுக்கு மேலே இருக்கும் சீக்கியர்களின் புனித ஏரியான ஹேம்குண்டை விட்டுவிடுங்கள், அல்லது போக ஒரு வழி மட்டுமாவது விமானத்தில் போங்கள். அந்த இரண்டு நாட்களும்தான் இந்தப் பயணத்தின் காப்பீடு. சாலை ஒரு நாள் அடைபட்டாலும் பள்ளத்தாக்கைப் பார்த்துவிடலாம், திரும்பும் ரயிலையும் தவறவிட மாட்டீர்கள். சாலை திறந்தே இருந்தால், அந்த நாட்களில் பத்ரிநாத் போகலாம்.

முடிந்தவரை ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள். காங்கரியாவில் அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் விடுதி இருக்கிறது. சிறு தங்கும் விடுதிகளும், யாருக்கும் இடம் கொடுக்கும் குருத்வாராவும் உண்டு. ஆகஸ்டில் ஹேம்குண்ட் யாத்திரிகர்கள் கூட்டம் இருக்கும் என்பதால் முதல் இரவுக்காவது முன்பதிவு வேண்டும்.

ஹேம்குண்ட், பத்ரிநாத் யாத்திரைக்கு உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஆதார் அட்டையும், பதிவுச் சீட்டின் அச்சுப் பிரதியும் பிளாஸ்டிக் உறையில் கையோடு இருக்கட்டும். பூங்காவுக்கான அனுமதிச் சீட்டு காங்கரியாவைத் தாண்டிய வாயிலில் தருவார்கள். ஒரு சீட்டு மூன்று நாட்களுக்குச் செல்லும். பணத்தை ஜோஷிமட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏ.டி.எம்.மையோ போன் வழிக் கட்டணத்தையோ நம்பி ஏற வேண்டாம். ஐந்நூறு ரூபாய்த் தாள்களைவிட நூறும் ஐம்பதும்தான் தேநீர்க் கடைகளில் செல்லும்.

பையில் என்ன?

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷூக்களின் பெருமை உலகறிந்தது. ஆனால் இந்தப் பயணத்துக்குத் தோல் ஷூ வேண்டாம். ஒருமுறை நனைந்தால் காய நாளாகும், கனமும் கூடும். கணுக்காலைப் பிடிக்கும், ரப்பர் அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட செயற்கைத் துணி ஷூவாக வாங்கி, சோளிங்கர் படிகளிலேயே போட்டுப் பழகிவிடுங்கள். புது ஷூவோடு போகிறவருக்கு இரண்டாம் நாள் கொப்புளம் நிச்சயம்.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நம் வெயிலுக்கு ஏற்றவை. அங்கே நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக் குளிரில் நடுங்க வைக்கும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் உடைகள் இரண்டு செட், ஒரு கம்பளிச் சட்டை, குல்லா, கையுறை, உல்லன் காலுறைகள் நான்கு ஜோடி. மழைக்குக் குடை உதவாது. கையில் கோல் பிடிக்க வேண்டும். முதுகுப் பையையும் சேர்த்து மூடும் அளவுக்குப் பெரிய மழைக்கோட்டு வேண்டும். இரவில் போட்டுக்கொள்ளும் ஒரு செட் உடையை மட்டும் தனியாகத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, என்ன ஆனாலும் வெளியே எடுக்காதீர்கள். வெளியே எல்லாமே நனைந்த நாளில் அந்த ஒரு காய்ந்த செட்தான் உங்களைத் தூங்க வைக்கும்.

கைவிளக்கு, பவர் பேங்க், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சப்பாத்தி, பருப்பு, சோறு, ஆலு பராத்தா எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனாலும் ஒரு டப்பா பருப்புப் பொடியும், சிறு பாட்டிலில் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போங்கள். உயரத்தில் பசி மந்தமாகும். பழகிய ருசி இருந்தால் நாலு வாய் கூடுதலாக உள்ளே போகும். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாயை விஞ்சிய ஒன்று இல்லை.

மலைச்சாலை

ரிஷிகேஷிலிருந்து விடியலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். இரவில் மலைச்சாலையில் வண்டிகளை விடுவதில்லை. இருட்டுவதற்குள் ஜோஷிமட்டை அடைய வேண்டும். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாகத் தாண்டிப் போவீர்கள். தேவப்பிரயாகையில் கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள். பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்ற பெயர் பெறும் இடம். பெரியாழ்வார் ‘கண்டமென்னும் கடிநகர்’ என்று பாடியது இதைத்தான். ஜோஷிமட், திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் கொள்ளும் தலம். அங்கேயும் நரசிம்மர் கோயில்தான். சோளிங்கர் நரசிம்மர் மலையில் பழகிய கால்களோடு அந்தச் சந்நிதிக்குப் போய் நிற்பது வடாற்காட்டுக்காரருக்கே கிடைக்கும் பேறு.

ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்குவது ஓய்வுக்கு மட்டுமல்ல. 1,900 மீட்டர் அளவிலான அந்த உயரத்தில் ஓர் இரவு கழித்தால் உடம்பு அடுத்த ஏற்றத்துக்குப் பழகும். ரிஷிகேஷிலிருந்து ஒரே மூச்சில் காங்கரியா போக முயல்கிறவர்களைத் தலைவலியும் குமட்டலும் பிடித்துக்கொள்வது அதனால்தான். 2023 தொடக்கத்தில் இந்த ஊரில் நிலம் அமிழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டன. ஊர் மக்கள் அந்தக் கவலையோடுதான் நம்மை வரவேற்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

காங்கரியா வரை

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து புல்னா வரை பகிர்வு ஜீப். பிறகு சுமார் 10 கிலோமீட்டர் நடை. கல் பாவிய பாதைதான். லட்சுமண கங்கை ஆறு கூடவே இரைந்துகொண்டு வரும். 2013 ஜூன் வெள்ளம் பழைய பாதையையும் பாலங்களையும் பியுந்தார் ஊரின் ஒரு பகுதியையும் அடித்துக்கொண்டு போனது. பாதையைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆற்றோரம் இறங்கிப் படம் எடுப்பதைத் தவிருங்கள். மேலே பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாது.

ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். புல்னாவிலிருந்து காலை ஒன்பதுக்குள் நடக்கத் தொடங்கினால் அவசரமில்லை. முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதையும், முதுகில் கூடை கட்டித் தூக்கிச் செல்லும் ஆட்களும் உண்டு. கழுதைகள் வரும்போது எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், ஆற்றுப் பக்கம் ஒதுங்காதீர்கள். வழியோரச் செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறவும் வேண்டாம். நம் ஊர்க் காஞ்சொறி போல அரித்துத் தடிக்க வைக்கும் செடி வழி நெடுக இருக்கிறது, உள்ளூரில் பிச்சு காஸ் என்பார்கள்.

பள்ளத்தாக்கினுள்

வாயில் காலை 7 மணிக்குத் திறக்கும். மதியத்துக்கு மேல் நுழைய விடுவதில்லை. மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே தங்க அனுமதி இல்லை, கடை இல்லை, கழுதையும் போகாது. ஆகவே முதல் ஆட்களில் ஒருவராக நில்லுங்கள். மதிய உணவை விடுதியிலேயே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று கிலோமீட்டர் காட்டுக்குள் ஏற்றம். பூர்ஜ மரங்கள், பாலம், பாறை. பூ எங்கே என்று கேட்கத் தோன்றும் இடத்தில் சட்டென்று மரங்கள் விலகிப் பள்ளத்தாக்கு திறக்கும். பெரும்பாலானவர்கள் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் திரும்பாதீர்கள். மேலும் உள்ளே நடக்க நடக்கத்தான் ஒவ்வொரு சரிவிலும் வேறு வேறு பூக்கள். 1939இல் செடிகள் சேகரிக்க வந்து, பாறையில் வழுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணியின் கல்லறை வரை போங்கள். அதற்கும் அப்பால் புஷ்பாவதி ஆற்றங்கரை.

பாதையை விட்டு ஓர் அடியும் விலகாதீர்கள். பூப்பதற்குக் கிடைக்கும் சில வாரங்களில் மிதிபட்ட செடி அந்த ஆண்டு விதை விடாது. மேய்ச்சல் நின்ற பிறகு பாலிகோனம் என்னும் உயரமான செடி பல இடங்களில் படர்ந்து சிறு பூச்செடிகளை நெருக்கிவிட்டது. வனத்துறை ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பிடுங்குகிறது. நாம் கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறை ஒவ்வொன்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்த வழி முழுவதையும் துப்புரவாக வைத்திருப்பவர்கள் பியுந்தார் ஊரின் சூழல் மேம்பாட்டுக் குழுவினர். அவர்கள் வசூலிக்கும் சிறு கட்டணத்தை மனமாரக் கொடுங்கள்.

மழை வலுத்து ஓடைகள் பெருகத் தொடங்கினால் யோசிக்காமல் திரும்புங்கள். சீட்டுதான் மூன்று நாள் செல்லுமே, மறுநாள் வரலாம். காங்கரியாவில் மூன்று இரவுகள் சொன்னது இதற்காகத்தான்.

ஹேம்குண்ட்

4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சீக்கியர்களின் புனித ஏரி. காங்கரியாவிலிருந்து 6 கிலோமீட்டர், செங்குத்து ஏற்றம். பள்ளத்தாக்கைப் பார்த்த மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். ஆகஸ்டில் மேல் வளைவுகளில் உண்மையான பிரம்ம கமலம் பூத்திருக்கும். நம் மொட்டைமாடித் தொட்டிகளில் நள்ளிரவில் பூப்பது கள்ளி இனம், வேறு செடி. குருத்வாராவின் இலவச உணவுக்கூடமான லங்கரில் சூடான கிச்சடியும் தேநீரும் யார் போனாலும் தருவார்கள். மேலே தங்க முடியாது என்பதால் பிற்பகல் தொடங்குமுன் இறங்க ஆரம்பியுங்கள். கடுமையான தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் மருந்து தேடாமல் முதலில் கீழே இறங்குங்கள். இன்னும் அரை மணி நேரம்தானே என்று உடன் வந்தவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சாலை அடைபட்டால்

கிளம்புவதற்கு முந்தைய வாரத்திலிருந்து இந்திய வானிலைத் துறை சமோலி மாவட்டத்துக்குத் தரும் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் வண்டியில் ஏறாதீர்கள். டிரைவர் தயாராக இருந்தாலும் வேண்டாம். வழியில் சரிவு விழுந்து நின்றுவிட்டால், மண்ணள்ளும் இயந்திரங்கள் வந்து சில மணி நேரத்தில் வழி திறப்பதுதான் வழக்கம். பாறைகள் உருண்டுகொண்டிருக்கும்போது நடந்து கடந்து மறுபக்கம் வேறு வண்டி பிடிக்கலாம் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். பின்னால் இருக்கும் ஊருக்குத் திரும்பி அறை எடுங்கள். பிஸ்கெட், தண்ணீர், ஒரு கம்பளி ஆகியவற்றை வண்டியின் மேலே கட்டாமல் இருக்கைக்கு அடியில் வையுங்கள். ஜோஷிமட்டுக்கு மேல் தொடர்பு அடிக்கடி அறுபடும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் போன் வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம் என்றும், எந்தத் தேதிக்குப் பிறகு விசாரிக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெற்று நாட்கள் இரண்டும் மிஞ்சியிருந்தால், கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் 25 கிலோமீட்டர்தான். மறுநாள் காலை அதற்கும் அப்பால் மானா கிராமம் வரை போய்விட்டு ஜோஷிமட்டுக்கு இறங்கிவிடுங்கள். டில்லி ரயிலுக்கு முந்தைய இரவு எப்படியும் ஹரித்வாரில் இருக்க வேண்டும்.